விளிம்பின் நிறம்

மருத்துவமனைத் தோட்டத்து மரத்தின் முன்னால் பஸ் டிரைவர் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் மனைவியின் சின்ன லென்ஸ். தாவரவியல் ஆசிரியையான அவள் பக்கத்துப் பெஞ்சில் மரத்தில் சாய்ந்திருக்கிறாள். ஒரு கண்ணில் பார்வை போய் வருஷமாகிறது. நேற்று அறுவை செய்த மறு கண்ணின் கட்டை நாளைதான் பிரிப்பார்கள். பட்டையில் விரல் பட்டதும் அவள், "என்னங்க, இது லைக்கன் மாதிரி இருக்கு. பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். "சாம்பல் கலர்ல படை மாதிரி ஒட்டியிருக்கு. அதுமேல கடுகளவுல குட்டிக் குட்டித் தட்டு. நடுவுல கறுப்பு." "விளிம்பு?" இலைகளுக்கிடையே வெயில் ஆடுகிறது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார். "விளிம்பு சாம்பல்தான். அடியில இருக்கிற அதே கலர்."

கட்டுக்குக் கீழே அவள் உதடுகள் மெல்ல விரிகின்றன. "அப்போ விளிம்புல பாசியும் இருக்கு. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழறதுதாங்க லைக்கன். தட்டு பூஞ்சையோடது. சிலதுல பாசியும் கூடவே ஏறி வந்து விளிம்புல நிக்கும். விளிம்பும் தட்டு கலர்லயே இருந்தா அது வேற வகை." சொல்லிவிட்டுக் கண்கட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். "நாளைக்குக் கட்டைப் பிரிச்சும் ஒண்ணும் தெரியலைன்னா?" அவர் முட்டியாலேயே நகர்ந்து மரத்தின் மறுபக்கம் போகிறார். பட்டையில் மூக்கு உரச லென்ஸை வைக்கிறார். "இங்க வேற ஒண்ணு இருக்கு. தட்டும் பழுப்பு, விளிம்பும் பழுப்பு. அடுத்து என்ன பாக்கணும், சொல்லு."