தூது மைனா பதவி விலகிய நாள்

மரங்கொத்தி கொட்டிய போர்முரசு மைனாவின் காதில் இன்னும் ஒலிக்கிறது. கிளிகளின் அத்திமரத்தைப் பிடிக்கக் காகப்படை கிளம்பிய காலை அது.

காகங்களின் தூதராயிருந்த மைனா, "கிளிக்குஞ்சுகளுக்கு இன்னும் இறகே முளைக்கவில்லை, ராஜா. இந்தப் போருக்கு நான் தூது போகமாட்டேன்" என்று பதவியை விட்டது. படை நிற்கவில்லை.

சேதி கேட்டு ஊர்க்காகங்கள் கூடின.

"அக்கா, என்ன துணிச்சல்!"

"துணிச்சலா? துரோகம்!"

"நானும் விலகியிருப்பேன். எனக்குத்தான் பதவியே இல்லையே!"

கரைச்சல் வானைப் பிளந்தது. தன் இனம் கூடிக் கரைந்தால் எந்தக் காகத்துக்கும் இருப்புக்கொள்ளாது. பாதிவழி போன படையும் திரும்பி வந்து, கட்சி பிரிந்து கத்தியது. மறுநாளும் அதே வாக்குவாதம், அதற்கு மறுநாளும்.

அந்தக் கோடையில் கிளிக்குஞ்சுகள் எல்லாம் பறந்துவிட்டன. மைனாவுக்கு மட்டும் வேறு வேலை கிடைக்கவேயில்லை.