மூன்றாவது பாஸ்வேர்டு

"இன்னாங்க இது, காலையில இருந்து ஓப்பனே ஆவ மாட்டேங்குது. வீட்டுக் கணக்கு மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்குது."

வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ரிப்பேர் கடையிலிருந்து யாராவது பொடியன் வருவான் என்று சரோஜம்மா எதிர்பார்த்திருந்தாள். இவருக்கோ காதோரம் நரைத்திருந்தது.

"பையனை அனுப்பறேன்னாங்களே?"

"அட்ரஸைக் கேட்டதும் நானே கிளம்பிட்டேங்க."

கோரமண்டலில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. பையன் தடுமாறுவான் என்று நினைத்திருப்பார்.

புது ஆள் யார் வந்தாலும் சரோஜம்மா பேரைக் கேட்க மாட்டாள். அப்பா எந்தச் சுரங்கம் என்றுதான் கேட்பாள். அது தெரிந்துவிட்டால் ஆளே தெரிந்த மாதிரி அவளுக்கு.

"உங்கப்பா எந்த சாஃப்ட்டுங்க?"

"நந்திதுர்க். உள்ள மரம் முட்டுக் குடுக்கற டிம்பர் வேலை."

"அப்ப நம்மாளுதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள்.

அவர் அங்கே இங்கே தட்டிப் பார்த்தார். "விண்டோஸ் அப்டேட் ஆயிருக்குது. உங்க சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு, இதுக்கு ஒத்துக்கல. இதைப் பண்ண கம்பெனியையே மூடிட்டாங்களே."

"சுரங்கத்தையே மூடிட்டாங்க. நாம ஓடலையா? எப்படியாவது ஓட வைங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ மாற்றினார். பழைய சாஃப்ட்வேர் ஒருமுறை கண்ணைத் திறந்தது. அந்தச் சந்தில் கணக்கையெல்லாம் ஒரு ஃபைலாக உருவிக்கொண்டார். அடுத்த நிமிடம் அது மறுபடி படுத்துவிட்டது.

"கணக்குப் பத்திரமா வந்துடுச்சு. புதுசு போட்டு அதுல ஏத்திடலாங்க."

சரோஜம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இன்னிக்கே முடிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை எம்பையன் மனோகருக்குப் பொண்ணு பாக்கப் போறோம், அப்புறம் எனக்கு நேரமே இருக்காது. ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போச்சு. இதாவது அமையணும்னு வேண்டாத சாமி இல்ல."

"பொண்ணு எந்த ஊருங்க?"

"இந்த ஊருதானாம். பெங்களூர்ல பேங்க் வேலை. தரகன் பெங்களூர்க்காரன், லைன் இன்னா, சாஃப்ட் இன்னா, ஒண்ணும் சொல்லத் தெரியல. அப்பா சொந்தத் தொழில்னான். வாட்ஸ்அப்ல அட்ரஸ் அனுப்பறேன்னு சொல்லியிருக்கான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். புது சாஃப்ட்வேர் ஏறியதும் செலவுத் தலைப்புகளைக் கேட்டது. அவரும் கேட்டார்.

"தம்பி வெளியில சாப்பிடுவாருங்களா?"

"காலையில ட்ரெயினுக்குப் போறப்பவே டப்பா கட்டிடுவேன். எனக்கு முடியலன்னா அவனே சமைச்சு எடுத்துக்குவான்."

"அப்ப ஓட்டல் தலைப்பு வேணாம். சிகரெட்டு, மத்தது...?"

"அந்தப் பழக்கமெல்லாம் இல்ல. தலைப்பே வேணாம்." சரோஜம்மாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "இன்னாங்க இது, பழசு இவ்ளோ ஊர்க்கதை கேக்கலையே."

"ஆரம்பத்துலயே கேட்டுக்கிட்டா பின்னாடி தொந்தரவு இல்லீங்க. கணக்கு யார் யார் எழுதுவீங்க?"

"நானும் மனோகரும்."

"வீட்டுக்காரரு?"

"அவரு செலவு பண்றதோட சரி."

"நாளைக்கு மருமக வந்தா?"

"அவ சம்பளமும் இதுலதான் வரும். என் பாஸ்வேர்டு போட்டா எல்லாம் தெரியற மாதிரி பண்ணிடுங்க."

மவுஸ் மேலிருந்த அவர் கை நின்றது. "அப்படியும் வைக்கலாங்க. இல்லன்னா ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்கலாம், ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் பாக்க முடியாது. எப்படி வைக்கட்டும்?"

சட்டென்று பதில் சொல்லப் போனவளுக்குத் தன் மாமியார் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் வேலைக்குப் போனவள்தான். சம்பளக் கவரைப் பிரிக்காமல் மாமியார் கையில் கொடுக்க வேண்டும். பஸ் காசுக்கு அதே மாமியாரிடம் கை நீட்டி நிற்க வேண்டும். அந்தக் கோபம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை. அந்த மாமியார் இப்போது தன் வாய் வழியாகவே பேசியதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"அவளுக்குத் தனியா போட்டுடுங்க" என்றாள். "எனக்குத் தெறக்கவே கூடாது. தெறந்தா பாப்பேன், பாத்தா கேப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும்."

"அப்புறமா மாத்தச் சொல்லுவீங்களே?"

"நானே வந்து கேட்டாலும் மாத்தித் தராதீங்க."

அவர் மறுபடி டைப் அடிக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன், நந்திதுர்க் ஆள் வேறு, வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று சரோஜம்மா காபி போட உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. திரையில் மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூட்டு. சரோஜம்மா. மனோகர். மூன்றாவது, ஷில்பா.

அவள் டம்ளரை நீட்டவும் மறந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும் பெண்ணின் பெயர் அதுதான். ஆனால் இவரிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

"இந்தப் பேரு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் எழுந்து, காபியை அவள் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தொட்டில்ல போட்டப்ப நான் வெச்ச பேருங்க அது. ஞாயித்துக்கிழமை டிபன் எங்க வீட்லதான், தவறாம வந்துடுங்க."