வாரில்லாமல் நடந்தது

பட்டு மேடம் கதிரேசனுக்குத் தர வேண்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய். அவர் வீட்டு கிரேஹவுண்டுகள் இரண்டையும் தினம் சேலையூர் ஏரிவரை நடத்திக் கூட்டிவந்த மாதக்கூலி, நாய்க்கு அறுநூறு.

கேட்கப் போனவனிடம் மேடம் கேட் கேமராப் படத்தை நீட்டினார். "மூணாவது யாரோடது? எனக்குத் தெரியாம ஜோடி சேக்கறீங்களா?"

"ரெண்டத்தான் இட்டுகினு போறேன் மேடம். கையில வாரே ரெண்டுதான் கீது."

படத்தில் மூன்றாவது கிரேஹவுண்டு, வாரில்லாமல் அவன் இடதுகாலை ஒட்டியே வந்தது. அவிழ்த்துவிட்டால் அணில் பின்னால் பறக்கிற ஜாதி.

மேடம் படத்தைப் பெரிதாக்கி அதன் கிழிந்த காதைப் பார்த்தார். உள்ளே போய் ஆயிரத்து எண்ணூறு கொண்டுவந்தார்.

"மூணுக்கும் சேத்து இருக்கு. சாகறப்பவே அதுக்கு மூட்டுவலி. மெதுவா நடத்துங்க."

கதிரேசன் கீழே குனிந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.