பதினாலாம் நம்பர் மலை

கிருஷ்ணப்பன் முதலாளி தன் புதுக் கைத்தடியால் புளிக் குவியலைக் கிளறிக்கொண்டே சிலோனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பாப்பாரப்பட்டி மண்டியில் நாங்கள் பதினோரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தோம். எதிரே கட்டிலில் கடத்தூர் வியாபாரிகள் இரண்டு பேர், கையில் டீயோடு.

"எல்லாரும் கண்டிக்குப் போறான், கோயிலப் பாக்கறான், திரும்பிடறான். நான் அப்படி இல்லீங்க. ஒருத்தனும் பாக்காத எடமாத் தேடித் தேடிப் பாத்தேன்."

பத்து நாள் போய் வந்தவர். பத்து நாளில் ஒரு தீவையே கண்டுபிடித்துவிட்டார்.

"அப்புத்தளைக்கு மேல கல்லுமலைத் தோட்டம்னு ஒண்ணு. அதுல பதினாலாம் நம்பர் மலை. சொர்க்கமுங்க!"

என் சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. பக்கத்தில் ரோசம்மா என்னைப் பார்த்தாள்.

நாங்கள் இருவரும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நாலு வருஷத்துக்கு முன் ஒரே கப்பலில் அனுப்பப்பட்டவர்கள். தாயகம் திரும்பியவர்கள் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாளும் பார்த்திராத ஊருக்குத் திரும்பி வந்தோம்.

"ஏண்டி சிலோன்காரி," என்றாள் அடுத்த வரிசை சென்னம்மாள், "ஊரு அத்தன சோக்கா இருந்துச்சுன்னா இங்க வந்து எதுக்குடி கொட்டை நோண்டற?"

வரிசை முழுக்கச் சிரிப்பு.

முதலாளி அதையெல்லாம் கேட்கிறவர் இல்லை. மலையடிவாரத்தில் ஆளில்லாத கல் கட்டடம் ஒன்று இருக்கிறதாம். சின்னச் சின்ன அறையாக முப்பது அறை. வெள்ளைக்காரன் குதிரை கட்டி வைத்த இடமாம்.

அதில் ஏழாவது கதவு என்னுடையது. அங்கே பிறந்தேன். அங்கேதான் மதலைமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டேன். குதிரையை அதற்குள் கட்டியிருக்க மாட்டான். குதிரைக்கு விலை உண்டு.

"அதுக்குப் பின்னால ஒரு அருவி. அத்தனையும் மூலிகைத் தண்ணி. அங்க தங்கின மூணு நாளும் அதுலதான் குளிச்சேன். ஒடம்பு எப்படி இருக்குது பாருங்க."

அருவிக்கு மேலே அதே மாதிரி மூன்று வரிசை அறைகள் உண்டு. அங்கே இன்னும் ஆள் இருக்கிறது. அறுபது குடும்பம், கக்கூஸ் ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகளின் பீத்துணி அலசுகிற ஓடைதான் கீழே அருவியாக விழுகிறது. மூலிகை எது என்று எனக்குத் தெரியும்.

ரோசம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"அதிசயம் என்னன்னு கேளுங்க. தேயிலைன்னா இடுப்பு ஒசரச் செடின்னுதான நெனைக்கறோம்? அந்த மலையில மரமா நிக்குது. அங்கங்க நாலஞ்சு மரம். வெள்ளையாப் பூத்துக் கெடக்குது. டூரிஸ்ட்டு எவனும் இதப் பாத்திருக்க மாட்டான்."

எங்கள் சிரிப்பு நின்றது.

தேயிலை மரம்தான். சில வருஷத்துக்கு ஒரு தரம் கவ்வாத்துக் கத்தியால் வெட்டி வெட்டி அதைச் செடியாக நிறுத்தி வைக்கிறார்கள். விட்டால் வளரும். அந்த மலையில் எங்கள் ஆட்கள் சில செடிகளில் மட்டும் கத்தி வைப்பதில்லை. தொரை கத்துவான், கேட்டுக்கொள்வார்கள், அடுத்த கவ்வாத்திலும் விட்டுவிடுவார்கள். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று மதலைமுத்துவும் ரோசம்மாவின் புருஷனும் மேலே ஏறிப் போய், வெட்டுகிற ஆட்களின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

நாலு வருஷமாக எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கேட்கத்தான் ஆள் இல்லை.

"அந்த மரமெல்லாம் இன்னும் நிக்குதுங்களா?" என்றேன்.

புளியே வாய் திறந்து பேசிவிட்டது போல முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நிக்குது, நிக்குது. ஒண்ணு மட்டும் இங்க வந்து நிக்குது பாரு."

கைத்தடியைத் தூக்கிக் காட்டினார்.

தோட்டத்துக் காவல்காரனுக்கு ஒரு பாட்டில் சாராயமாம். வெட்டிக் கடைந்து, மெருகு போட்டுக் கொடுத்துவிட்டானாம். வியாபாரிகள் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். அடுத்த தரம் போகும்போது ஆளுக்கொன்று கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார் முதலாளி.

"எந்த மரமுங்க?"

"எந்த மரமா இருந்தா உனக்கென்ன? பாறையோரத்துல நின்னுது. அதுதான் வளையாம நேரா இருந்துச்சு."

பாறையோரம். ஓடைக்கரை இல்லை.

மூச்சு திரும்பி வந்தது. மாதாவே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று வாய்க்குள் சொன்னேன். அந்த ஆளின் முகத்தில் துப்ப வேண்டும் என்று இத்தனை நேரம் சேர்த்து வைத்திருந்த எச்சிலை விழுங்கினேன். இனித்தது.

அப்புறம்தான் பக்கத்துச் சுத்தியலின் சத்தம் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

தேயிலைக்குள் சிலுவை நடத் தோட்டத்தில் விடமாட்டார்கள். எங்களால் செய்ய முடிந்தது, ஒரு செடியை வெட்டாமல் விடுவதுதான். ஓடைக்கரையில் கிடப்பவள் என் மகள். மூன்று வயது.

பாறையோரத்தில் ரோசம்மாவின் பையன்.

"கை ஏன் நின்னுபோச்சு? தட்டு, தட்டு" என்று முதலாளி தடியின் நுனியால் புளியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

ரோசம்மா புளியை எடுக்கவில்லை. நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை.

நான் குனிந்து என் புளியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.