கிண்ணத்தில் மிதந்தவை

நிச்சயத் தட்டின் நடுவே இருந்த கண்ணாடிக் கிண்ணத்து நீரில் இரு சம்பந்திகளும் ஆளுக்கொரு துளி ரத்தம் விட்டார்கள். வெள்ளணுக்கள் மோதிக்கொண்டால் கிண்ணம் சிவக்கும், பெண் கொடுக்கமாட்டார்கள். மகள் பூரணி விரும்பிய இடத்தைத் தட்டிக்கழிக்கக் கோமதிநாயகம் அந்த வழக்கத்தைத்தான் நம்பியிருந்தார்.

"எங்க ரத்தம் அந்நியரை அண்டவிடாது," என்றார்.

பூரணி கண்களை மூடிக்கொண்டாள். கிண்ணம் சிவக்கவில்லை. நிலாவெளிச்சத்து மீன்குஞ்சுகளைப் போல அணுக்கள் மினுங்கி, உடன்பிறந்தவையாய் உரசி மிதந்தன.

"இது எப்படி?" என்றார் கோமதிநாயகம்.

மாப்பிள்ளையின் அப்பா இருளப்பன் தயங்கினார். "அன்னைக்கு நீங்க ரத்தப் புத்துநோயில படுத்துக்கெடந்தப்ப எலும்பு மஜ்ஜை குடுத்தது நான்தாங்க. இப்ப உங்களைக் காவல் காக்கிறது அதுல ஊறுன அணுதான்."

"ஏன்யா சொல்லலே?"

"சொன்னா திருப்பிக் குடுத்துருவீங்களே."

 கோமதிநாயகம் நகர்ந்து, தம் பக்கத்தில் இடம்விட்டார்.

"உக்காரும் சம்பந்தி. தட்டை மாத்துவோம்."