மழைமானியில் தண்ணீர்

"மழையே இல்லை, மானியில எப்படிங்க தண்ணி?"

"நான்தான் ஊத்தினேன். இல்லேன்னா மேடம் மாடிப்பக்கம் வருவீங்களா?"

கல்யாணமான புதிதில் கணவர் அவளை இப்படித்தான் சீண்டுவார். வட்டாரப் பருவநிலையை ஆராய்வதும், மழை அளக்க மக்களுக்குக் கற்றுத் தருவதும் அவள் வேலை.

அவர் இறந்தபின் மாடிச் சாவி அவளிடம் மட்டுமே இருக்கிறது. ஆனாலும் ஊரே காய்ந்து கிடக்கும் இந்தக் கோடையில், தினமும் காலையில் மழைமானியில் ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கிறது.

"கண்ணால பார்த்ததை அப்படியே எழுதுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அதைக் கொட்டிவிட்டுப் பூஜ்யம் என்றே எழுதி வந்தாள்.

இன்று கொட்டவில்லை. உள்ளதை எழுதினாள். பிறகு, வெறும் மாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"எப்பவும் நானேதான் மேலே வரணுமா? ஒரு தடவை நீங்க கீழே இறங்கி வாங்களேன்."