யூலலீ வரும் நேரம்

என்ஜினை அணைக்கிறேன். படகின் பின்னால் இருக்கும் ஆளுயரக் காற்றாடி முனகி நிற்கிறது. பயணிகள் காதுமூடிகளைக் கழற்றியதும் சதுப்பு முழுவதும் தவளைச் சத்தமாகிறது. சைப்ரஸ் மரங்களின் இடையே வெயில் பச்சைத் தண்ணீரில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. லூயிசியானாவில் இது முதலை வேட்டை மாதம். என் தங்கை வெர்னா மார்ஷ்மெல்லோ மிட்டாய்களை எறிந்து, "யூலலீ, வாடி" என்கிறாள். கூப்பிட்டால் வந்துவிடும் கிழட்டு முதலை அது. இன்று மிட்டாய்கள் மட்டும் வெள்ளையாக மிதக்கின்றன. "ஏன் வரலை?" என்கிறாள் பயணிகளில் ஒருத்தி, சிவப்புத் தொப்பிக்காரி. "பல் தேய்க்கிறா. எண்பது பல்லும்மா, நேரமாகும்" என்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். வெர்னா தண்ணீரையே பார்க்கிறாள். அவள் புருஷன் நோலன் வேட்டைக்காரன். யூலலீ என்றெல்லாம் பேர் பார்க்கமாட்டான். எதிரே ஒரு மரக்கிளையில் அவன் கட்டிய தூண்டில் கயிறு தொங்குகிறது. நுனியில் கோழிக்கறியும் இல்லை, கொக்கியும் இல்லை. அதன் அடியில் தண்ணீர் மெல்லப் பிளந்து, பாசி படிந்த அந்த மூக்கு எழுகிறது. ஒரு மிட்டாய் சத்தமில்லாமல் மறைகிறது. வெர்னா இப்போதுதான் மூச்சு விடுகிறாள். தொப்பிக்காரி கயிற்றைக் காட்டுகிறாள். "அது என்ன?"

"முதலைத் தூண்டில். ஆமை கடிச்சிருச்சு."

"கத்தியால அறுத்த மாதிரி நேரா இருக்கே?"

"இந்தப் பக்கத்து ஆமைங்க கத்தி வச்சிருக்கும்மா."

மறுபடி சிரிப்பு. வெர்னா என் காதருகே குனிகிறாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் கேட்டா, அவருகிட்டயும் இந்த ஆமையையே சொல்லிரு."